ஒன்பது டிக், மொத்தம் பூஜ்ஜியம்

அத்தியாயம் 3

கபாலி மூன்றாவது முறையாக விரல் விட்டு எண்ணினான். இடது கையில் ஐந்து, வலது கையில் நான்கு. ஒன்பதுதான். சந்தேகமே இல்லை.

கம்ப்யூட்டர் திரையில் பத்துக் கட்டங்கள் வரிசையாக இருந்தன. தினம், கணம், மகேந்திரம் என்று ஆரம்பித்து வேதை வரைக்கும் கல்யாணத்துக்குப் பார்க்கிற பத்துப் பொருத்தங்கள். ஒன்பது கட்டங்களில் பச்சை நிறத்தில் டிக். வசியம் என்ற கட்டம் மட்டும் காலி. அதற்கெல்லாம் கீழே, பத்திரிகையில் மணமக்கள் பெயர் போடுகிற அளவுக்குப் பெரிய எழுத்தில் 'மொத்தம்' என்று இருந்தது. பக்கத்தில் 0.

"மேடம், ஒம்போதையும் ஒண்ணுமில்லாததையும் சேர்த்தா ஒம்போதுதானே வரணும்? இது இன்னாத்துக்கு முட்டை போட்டு வச்சிக்கீது?"

ஆலிஸ் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவள். யார் யாரைப் பார்த்துக் காப்பியடித்தார்கள் என்பதைக் கண்டுபிடிப்பதில் வந்த ருசியை விட முடியாமல், வேலையை விட்டுவிட்டு சாந்தோமில் ஒரு மருந்துக்கடை மாடியில் துப்பறியும் நிலையம் வைத்தவள். கபாலி அவளுடைய உதவியாளன். அவளுடைய ஆட்டோக்காரனும் அவன்தான்.

"சார், இந்த டிக் எல்லாம் யார் போட்டது?" என்று கேட்டாள் ஆலிஸ்.

"நான்தான்," என்றார் ஜம்புநாதன். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியிலிருந்து பிரியும் சந்தில், முதல் மாடியில், வீட்டு முன்னறையிலேயே இருக்கும் சுபலக்ன ஜாதகப் பரிவர்த்தனை நிலையத்தின் சொந்தக்காரர். "ரெண்டு ஜாதகத்தையும் பக்கத்துல வச்சுண்டு, பஞ்சாங்கம் பாத்து, ஒண்ணொண்ணா நானே போட்டேன். ஜோசியத்தை மெஷின் கையில விடப்படாதும்மா. அதுக்கு வேலை கூட்டல் மட்டும்தான்."

"அப்ப கூட்டல்தான் தப்பு."

"கூட்டல் எப்படித் தப்பும்? கம்ப்யூட்டராச்சே!"

ஜன்னல் பக்கம் நின்றிருந்த அவருடைய மகள் நீரஜா, பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். "அப்பா, ஒன்பது டிக் இருக்கு. கண்ணுக்குத் தெரியறது. எண்ணினா வரது."

"அது மனுஷன் போட்டதுடி. மொத்தம் அது போட்டது." ஜம்புநாதன் திரையைத் தட்டிக் காட்டினார். "பன்னெண்டு வருஷமா இங்க வந்து உக்காந்த ஒவ்வொருத்தர்கிட்டயும் என்ன சொல்லிண்டிருக்கேன்? மொத்தம் என்ன வரதோ அதான் தீர்ப்பு. என் மச்சினன் பையனுக்கு நாலு வந்தது. கையைப் பிடிச்சுண்டு அழுதான். ஒண்ணே ஒண்ணு கூட்டிப் போடுங்கோன்னான். போட்டேனா? இப்ப எம் பொண்ணுன்னதும் விரல் விட்டு எண்ணி ஒன்பதுன்னா, அவன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

விஷயம் இதுதான். நீரஜாவுக்கு இருபத்தெட்டு வயது. அடையாறில் இருக்கும் நிரஞ்சனை அவளுக்குப் பிடித்திருந்தது, அவனுக்கும் இவளை. அவன் வீட்டார் அன்று மாலை நான்கு மணிக்குப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்குள் இந்த முட்டை. முன்பு வந்த பதினோரு வரன்களுக்கும் பூஜ்ஜியம்தான் வந்தது. மொத்தத்தைப் பார்த்தார்கள், கவரை மூடினார்கள், கட்டங்களை யாரும் எண்ணவே இல்லை. இந்த முறைதான் நீரஜா சண்டை போட்டுக் கட்டங்களைத் திறக்க வைத்தாள்.

"அப்பா இல்லாம ரிஜிஸ்டர் ஆபீஸ் போய்ப் பண்ணிக்கலாம்தான் மேடம்," என்றாள் நீரஜா. "எனக்கு அது வேண்டாம். அவர் கன்னிகாதானம் பண்ணிக் கொடுக்கணும். மனசுக்குள்ள பூஜ்ஜியம்னு நெனச்சுண்டு இல்லை. சந்தோஷமா."

"இன்னிக்கு வியாழக்கிழமை. மூணு மணிக்கு ராகு காலம் முடியறது," என்றார் ஜம்புநாதன். "மூணு அஞ்சுக்குப் போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிடப் போறேன். கெட்ட சேதியா இருந்தாலும் நல்ல நேரத்துல சொல்லணும்."

மணி பதினொன்று.

"வேற பொண்ணுங்களுக்கு ஒழுங்கா கூட்டுதா?" ஆலிஸ் கேட்டாள்.

"பேஷாக் கூட்டறது. இவளுக்கு மட்டும்தான் இப்படி. பதினோராயிரம் பேர் இருக்கற பழைய பெட்டிலதான் ஏதோ தோஷம்னு நெனச்சுப் போன வாரம் புதுசு வாங்கினேன். பழைய டேட்டா ஒரு எழுத்துகூட உள்ள வரப்படாதுன்னு கம்ப்யூட்டர் கடை தௌசீஃப் கிட்ட கண்டிப்பாச் சொன்னேன். அவனும் வெறும் பெட்டியாத்தான் கொண்டு வந்து வச்சான். முதல்ல நீரஜா பேரைப் போட்டேன். எதை ஆரம்பிச்சாலும் முதல் பேர் நம்மாத்துப் பேரா இருக்கணும் இல்லையோ? அப்புறம் பிள்ளை பேர். ரெண்டே பேர். மறுபடியும் பூஜ்ஜியம்!"

ஆலிஸின் புருவம் மெல்ல உயர்ந்தது. கபாலிக்கு அந்தப் புருவம் நன்றாகத் தெரியும். அது உயர்ந்தால் ஆட்டோவை ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று பொருள்.

"பதினோராயிரம் பேர் இருந்த பெட்டியிலயும் பூஜ்ஜியம். ரெண்டே பேர் இருக்கிற பெட்டியிலயும் பூஜ்ஜியம்," என்றாள் அவள்.

"அதான் சொல்றேன். பகவான் வாக்கு."

"சாமி வாக்கு சொல்லணும்னா, கூட்டலைத் தப்பாப் போட்டா சொல்லும்?" என்றான் கபாலி. "நம்ம கபாலீஸ்வரரு அவ்ளோ வீக்கா கணக்குல?"

ஜம்புநாதன் அவனை முறைத்தார். ஆலிஸ் அதற்குள் படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

ஆட்டோ லஸ் முனையைத் தாண்டியதும் கபாலி வழக்கை முடித்துவிட்டான். "தௌசீஃப்தான் மேடம் ஆளு. பொட்டி கொண்டாந்து வச்சவன் அவன். நிரஞ்சன் மேல அவனுக்கு ஏதோ கடுப்பு."

"பழைய பெட்டியிலயும் பூஜ்ஜியம்தானே வந்தது? அப்ப தௌசீஃப் இந்தப் பக்கமே வரலை."

"அப்போ பழைய பொட்டிக்காரனும் இவனும் பங்காளிங்கோ."

"கபாலி, மந்தைவெளியில உங்க அத்தை ஃபிளாட்டை இடிச்சுக் கட்டினாங்களே, அப்ப என்ன பண்ணாங்க?"

"எல்லாரையும் காலி பண்ண வச்சாங்கோ. சாமான் செட்டு, ஆளு அம்பு, பூனை எல்லாம் வெளிய. அப்பால மொத்தமா இடிச்சுட்டு, மறுபடி கட்டினாங்கோ."

"பழைய வீட்டுல ஏதாவது கோளாறு இருந்துச்சா?"

"அத்த ஏன் கேக்குற! பாத்ரூம் கதவைத் தொறந்தா அடுப்பு மேல போய் இடிக்கும். முப்பது வருசம் இடிச்சுது."

"புது வீட்டுல?"

"அதுலயும் இடிக்குது மேடம். பில்டர் அதே பிளானை எட்த்தாந்து..." கபாலி பேச்சை நிறுத்தினான். ஆட்டோவும் கொஞ்சம் தயங்கியது. "ஓஹோ. ஆளு வரல. சாமான் வரல. பிளான் வந்துகீது."

"அந்தப் பிளானைத்தான் பார்க்கப் போறோம்," என்றாள் ஆலிஸ்.

தௌசீஃபின் கடை தேனாம்பேட்டையில், அண்ணா சாலைக்குப் பின்னால் ஒரு குறுகலான படிக்கட்டின் உச்சியில் இருந்தது. வயிறு திறந்து கிடந்த கம்ப்யூட்டர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அவன், ஆலிஸ் விஷயத்தைச் சொன்னதும் இரண்டு கையையும் தூக்கிவிட்டான்.

"நான் ஒண்ணுமே பண்ணல மேடம். ஜம்பு மாமா சொன்னதை அப்படியே செஞ்சேன்."

"என்ன செஞ்சீங்கன்னு எனக்குத் தெரியும். இவருக்குத் தெரியணும். சொல்லுங்க."

தௌசீஃபுக்கு முகம் மலர்ந்தது. தொழிலைப் பற்றி யாரும் அவனிடம் கேட்டதில்லை. எப்போது ரெடியாகும் என்றுதான் கேட்பார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"டேட்டாபேஸ்னா உள்ள டேபிள் டேபிளா இருக்கும் பாய். பொண்ணுங்களுக்கு ஒண்ணு, பிள்ளைங்களுக்கு ஒண்ணு, பொருத்தத்துக்கு ஒண்ணு. அதை வேற பெட்டிக்குக் கொண்டு போகணும்னா, அது கிட்டயே கேக்கலாம்: 'உன்னை மறுபடி கட்டணும்னா என்னென்ன செய்யணும்? எழுதிக் குடு.' அது எழுதிக் குடுக்கும். பொண்ணு டேபிள் கட்டு, அதுல பேருக்கு ஒரு கட்டம் வை, நட்சத்திரத்துக்கு ஒரு கட்டம் வை, இப்படி. அதுதான் ஸ்கிரிப்ட். முதல்ல எல்லா டேபிளையும் கட்டச் சொல்லும். யாருக்கு யார் சொந்தம்ங்கிற முடிச்சை எல்லாம் கடைசியிலதான் போடும்."

"கல்யாணத்துலயும் அதானே வழக்கம்," என்றான் கபாலி.

"எழுதறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேக்கும். அமைப்பு மட்டும் வேணுமா, டேட்டா மட்டும் வேணுமா, ரெண்டும் வேணுமான்னு. பாதி பேரு அந்தக் கேள்வியைப் பார்க்கவே மாட்டாங்க. அது தானாவே 'அமைப்பு மட்டும்'ல நிக்கும். ஓகே, ஓகேன்னு தட்டிட்டு, பேக்கப் எடுத்தாச்சுன்னு பீரோவுல பூட்டி வெப்பாங்க. பெட்டி செத்தப்புறம் தொறந்து பார்த்தா பந்தல் இருக்கும், ஜனம் இருக்காது. ஆனா மாமா கேட்டது அதைத்தான். ஜனம் வேணாம்னாரு. அதனால நான் தெரிஞ்சேதான் அமைப்பு மட்டும் எடுத்தேன். புதுப் பெட்டியில ஓட்டினேன். கட்டிடுச்சு."

"படிச்சுப் பார்த்தீங்களா?" என்றாள் ஆலிஸ்.

"எதை?"

"ஸ்கிரிப்டை."

தௌசீஃப் சிரித்தான். "ஆயிரத்து நூறு வரி மேடம். மெஷின் எழுதினது. அதை யார் படிப்பாங்க?"

"எனக்கு ஒரு பிரிண்ட் கொடுங்க. பென் டிரைவ்லயும் போட்டுக் கொடுங்க."

ஆழ்வார்பேட்டை சிக்னலில் ஆட்டோ நின்றபோது, கபாலி பின்னால் கையை நீட்டிப் இருபது பக்கங்களை வாங்கிக்கொண்டான். விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்த்தான். பச்சை விழுந்து, பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்து, ஒருவர் அவனுடைய பரம்பரையைப் பற்றி விசாரித்த பிறகுதான் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

"நீரஜான்னு ஒரு எடத்துல இல்ல மேடம். ஒரு மனுசப் பேரே இல்ல."

"இருக்காது. பிளான்ல குடியிருக்கிறவங்க பேரை எழுத மாட்டாங்க."

"அப்ப வில்லன் பேரும் இருக்காது. வேஸ்ட்டு."

"பேர் இருக்காது கபாலி. புத்தி இருக்கும். இதைக் கேளு. பொண்ணு டேபிள்ல உயரம்னு ஒரு கட்டம். காலியா விடக் கூடாதுன்னு போட்டிருக்கு. பிள்ளை டேபிள்லயும் உயரம் இருக்கு. அங்க காலியா விடலாம்."

"சரிதான்! குள்ளமா இருந்தா சொல்லாம இருந்துக்கலாம்."

"நிறம்னு ஒரு கட்டம். பொண்ணுக்கு எதுவும் எழுதாம விட்டா, அதுவே 'நல்ல நிறம்'னு எழுதிக்கும். அமைப்புலயே அப்படிச் சொல்லி வச்சிருக்காங்க. பிள்ளைக்கு எழுதாம விட்டா 'அவசியமில்லை'ன்னு எழுதிக்கும்."

கபாலி ஆட்டோ குலுங்கும்படி சிரித்தான். "இத்த எழுதினவனுக்கு நாலு தங்கச்சி இருந்திருக்கணும்... இல்ல, ஒருத்தியும் இல்லாம இருந்திருக்கணும்."

"பார்த்தியா? ஆள் யாருமே இல்லாத ஸ்கிரிப்ட்ல இருந்து ஒரு ஆளை நீயே கண்டுபிடிச்சிட்டே. ஒரு படிவத்தை நிரப்பினவங்களைப் பத்தி டேட்டா சொல்லும். அந்தப் படிவத்தைப் போட்டவங்களைப் பத்தி அமைப்பு சொல்லும். பொருத்தம் டேபிள்ல பெண் எண், பிள்ளை எண், அப்புறம் பத்துக் கட்டம். அதெல்லாம் நாம நிரப்பறது. கடைசியா மொத்தம். இதுல மட்டும் நாம எதையும் எழுத முடியாது. எப்படிக் கணக்குப் போடணும்ங்கிற சூத்திரம் அமைப்புக்குள்ளயே..."

பேச்சு நின்றது. கபாலி கண்ணாடியில் பார்த்தான். ஆலிஸ் ஒரே ஒரு வரியின் மேல் விரலை வைத்தபடி, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, தோள்கள் குலுங்க உட்கார்ந்திருந்தாள். மேடம் அழுகிறாளோ என்று ஒரு கணம் பயந்துபோனான். சிரிப்பைத்தான் அடக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னா மேடம்? இன்னா போட்டுகீது?"

"அப்புறம் சொல்றேன்."

"இதான் எனக்கு ஆவாது. ஒவ்வொரு கேசுலயும் முக்கியமான எடத்துல வாயை மூடிக்க வேண்டியது."

"சொன்னா அவர் நம்ப மாட்டார் கபாலி. காட்டணும். வண்டியை விரட்டு."

மணி இரண்டே கால். ஜாதக நிலையத்தில் ஜம்புநாதன் தொலைபேசியைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீரஜா பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவுவதா வேண்டாமா என்று தெரியாமல், சீவாத வாழைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆலிஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். பென் டிரைவைச் செருகி, ஒரு எழுத்தும் மாற்றாமல் அதே ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினாள். இன்னொரு வெற்று டேட்டாபேஸ் பிறந்தது. அதே டேபிள்கள், அதே கட்டங்கள், ஒரு ஜீவன் கிடையாது.

"சார், இப்ப முதல் பெண்ணா என் பேரைப் போடப் போறேன்."

"உங்க பேரா?" ஜம்புநாதன் எழுந்து நின்றுவிட்டார். "உங்களுக்கு என்ன நட்சத்திரம்?"

"தெரியாது. நீரஜாவோடதையே போடறேன். பிறந்த தேதியும் அவளோடதே."

"மேடத்துக்கு இருபத்தெட்டு!" என்றான் கபாலி. "சாந்தோமே கொண்டாடும்."

ஆலிஸ் விவரங்களைத் தட்டினாள். சேமிக்கும் பொத்தானை அழுத்தினாள். கோத்திரத்தைக் காலியாக விடக் கூடாது என்று கம்ப்யூட்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

"அமைப்புல அப்படி விதி. ஏதாவது எழுதியே ஆகணும்," என்று சொல்லிக்கொண்டே, கோத்திரம் என்ற இடத்தில் 'சாந்தோம்' என்று எழுதினாள். கம்ப்யூட்டர் அதை மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டது. ஜம்புநாதன் கண்களை மூடிக்கொண்டார்.

இரண்டாவது பெண்ணாக நீரஜா. பிள்ளை டேபிளில் நிரஞ்சன்.

"இப்ப சார், என் பேருக்கும் நிரஞ்சன் பேருக்கும் நேரா அதே ஒன்பது டிக்கைப் போடுங்க. வசியம் வேண்டாம்."

"அம்மா, இது அபசாரம் மாதிரி இருக்கே!"

"போடுங்கோப்பா!" என்று வாழைக்காயை ஓங்கினாள் நீரஜா.

ஜம்புநாதன் ஒன்பது டிக் போட்டார். மொத்தம்: 0.

"இப்ப நீரஜாவுக்கும் நிரஞ்சனுக்கும்."

மறுபடியும் ஒன்பது டிக். மொத்தம் என்ற கட்டத்தில் வந்து நின்றது 9.

நீரஜா கத்திய கத்தலில் எதிர் மாடியில் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி எட்டிப் பார்த்தாள். ஜம்புநாதன் திரையைப் பார்த்தார். ஆலிஸைப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஆழ்ந்த இரக்கம் பரவியது.

"அடடா," என்றார் மெதுவாக. "அப்ப தோஷம் உங்களுக்கா? கிறிஸ்தவாளுக்கும் உண்டா அதெல்லாம்?"

கபாலி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சார், எனக்கும் இல்ல, உங்க பொண்ணுக்கும் இல்ல," என்றாள் ஆலிஸ். "ரெண்டு பேருக்கும் ஒரே விவரம், ஒரே பிள்ளை, ஒரே ஒன்பது டிக். ஒரே ஒரு வித்தியாசம்தான். நான் ஒண்ணாம் நம்பர். அவ ரெண்டாம் நம்பர். பழைய பெட்டியிலயும் முதல் பேர் நீரஜா. புதுப் பெட்டியிலயும் முதல் பேர் நீரஜா. வெறும் டேபிள் கட்டினா நம்பர் மறுபடி ஒண்ணுல இருந்துதான் ஆரம்பிக்கும். நீங்களே ரெண்டு தடவையும் அவளைக் கொண்டு போய் அதே நாற்காலியில உட்கார வச்சிருக்கீங்க. கோளாறு நாற்காலியில."

காகிதத்தைப் பிரித்து மேஜை மேல் வைத்தாள். விரலை வைத்த அந்த வரியைத் தமிழில் நிதானமாகப் படித்துக் காட்டினாள்.

"மொத்தம்: பெண் எண் ஒன்று என்றால், பூஜ்ஜியம். மற்றபடி, பத்துக் கட்டங்களையும் கூட்டு."

ஜம்புநாதனின் முகம் சிவந்தது. மேஜையைத் தட்டினார். "எவன் அந்தப் படுபாவி? என் கொழந்தை வாழ்க்கையில இப்படி ஒரு வரி எழுதினவன் எவன்? அவனை நான் விட மாட்டேன்! இதை முதல்ல பண்ணிக் கொடுத்தது அந்த ஷெல்டன். பெருங்குடியில ஏதோ கம்பெனில இருக்கான். கூப்பிடுங்கோ அவனை!"

ஆலிஸ் தன் பழைய மாணவனின் எண்ணைப் போட்டு ஒலிபெருக்கியை அழுத்தினாள். "ஷெல்டன், நான் ஆலிஸ் மிஸ் பேசறேன். சுபலக்னத்துல பொருத்தம் டேபிள்ல ஒரு சூத்திரம் எழுதினியே, பெண் எண் ஒன்றுன்னா பூஜ்ஜியம்னு. ஞாபகம் இருக்கா?"

"குட் ஆஃப்டர்நூன் மிஸ்!" அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எழுந்து நின்றுவிட்டான் போலிருக்கிறது. "எப்படி மிஸ் மறக்கும்? பன்னெண்டு வருஷம் முன்னாடி ஜம்பு சார் எனக்குப் போன் பண்ணி அப்படிக் கத்தினாரே!"

"யாரு, நானா?" என்றார் ஜம்புநாதன்.

"சார், நீங்களும் இருக்கீங்களா? ஆமா சார். ஆறுக்கு மேல மொத்தம் வந்தா பிள்ளை வீட்டுக்குத் தானா லெட்டர் போற மாதிரி வச்சிருந்தோம் இல்லையா? ராசிக்காகன்னு உங்க பொண்ணு பேரைத்தான் முதல்ல போட்டிருந்தீங்க. அப்ப அவங்க பிளஸ் ஒன். மாம்பலத்துல இருந்து முப்பத்து நாலு வயசுக்காரர் ஒருத்தர் தட்டு, பழத்தோட உங்க வீட்டுக்கு வந்துட்டாரு. இவங்க யூனிஃபார்ம்ல உக்காந்து கெமிஸ்ட்ரி ரெக்கார்டு எழுதிட்டு இருந்தாங்களாம்."

"ஐயோ, அந்த மாமா!" என்றாள் நீரஜா. "எனக்குப் பழம் கொடுத்துட்டு என்ன படிக்கறேன்னு கேட்டார். சால்ட் அனாலிசிஸ்னு சொன்னேன். கூட வந்த அவர் அம்மா, சமையல்லாம் தெரிஞ்சுண்டிருக்கான்னு சந்தோஷப்பட்டா."

"அன்னிக்குத்தான் சார் போன் பண்ணாரு," என்றான் ஷெல்டன். "இந்தப் பொண்ணுக்கு எவனோடயும் பொருந்தப்படாது, எந்த ஜென்மத்துலயும் பொருந்தப்படாதுன்னாரு. வார்த்தைக்கு வார்த்தை எனக்கு ஞாபகம் இருக்கு. எந்த ஜென்மத்துலயும்னா எப்படி மிஸ்? டேட்டாவுல எழுதினா யாராவது அழிச்சிடலாம். பேரை வச்சு எழுதினா பேர் மாறலாம். அதனால நம்பரை வச்சு, அமைப்புக்குள்ளயே எழுதிட்டேன். இந்த டேபிளை இடிச்சுட்டு எங்க கொண்டு போய் மறுபடி கட்டினாலும் கூடவே வரும். நல்லாத்தானே வேலை செய்யுது?"

ஜம்புநாதன் மேஜையிலிருந்து கையை எடுத்தார்.

"ரொம்ப நல்லா வேலை செய்யுது ஷெல்டன்," என்றாள் ஆலிஸ். "உட்காரு." போனை வைத்தாள்.

ஜம்புநாதன் நாற்காலியில் சரிந்தார். "லெட்டரை நிறுத்தினான்னுதான் நெனச்சேன். மறந்தே போயிட்டேன். அப்ப பதினோரு வரனையும் நான்தான்... நானேதான்..."

நீரஜா பக்கத்தில் வந்து அவர் தோளில் கை வைத்தாள். "விடுங்கோப்பா. அந்தப் பதினோரு பேரையும் நீங்க சொல்லாட்டாலும் நான் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். ஒரு தடவை கத்தினேள். இத்தனை வருஷம் காவல் காத்திருக்கு."

மணி இரண்டு ஐம்பது.

"அதான் ஒம்போது வந்துடுச்சே சாமி," என்றான் கபாலி. "மேடம் ஒண்ணாம் நம்பர்லயே குந்திக்கினு இருக்கட்டும். அவங்க இன்னா கல்யாணமா கட்டப் போறாங்கோ? பாப்பா ரெண்டாம் நம்பர். பிரிண்ட் எட்த்துட்டா ஆச்சு."

"எனக்கு ஆட்சேபணை இல்லை," என்றாள் ஆலிஸ்.

ஜம்புநாதன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டினார். "படாது. இன்னிக்கு நீங்க உக்காருவேள். நாளைக்கு யாரோ இந்த ஸ்கிரிப்டை எடுத்துண்டு போய் வேற எங்கேயோ கட்டுவா. அங்க முதல்ல பேர் போடற பொண்ணு யாரோ, யாராத்துக் கொழந்தையோ. அதுக்கு நான் போட்ட பூஜ்ஜியம் போய் உக்காரும். வேண்டாம். நான் சொன்ன வார்த்தையை நானே எடுக்கணும். எப்படின்னு சொல்லுங்கோ, நானே பண்றேன்."

ஆலிஸ் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தாள். ஸ்கிரிப்டைத் திறந்து அந்த வரிக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள். எங்கே ஆரம்பித்து எங்கே முடிய அழிக்க வேண்டும் என்று விரலால் காட்டினாள். ஜம்புநாதன் ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். நிபந்தனை போனது, கூட்டல் மட்டும் மிஞ்சியது. திருத்திய ஸ்கிரிப்டைச் சேமித்து, மற்றொரு வெற்று இடத்தில் ஓட்டினார்கள். டேபிள்கள் மறுபடி எழுந்தன. முதல் பெண்ணாக நீரஜாவின் பெயரைத் தட்டினார். எண் 1. பிள்ளை நிரஞ்சன். ஒன்பது டிக்.

மொத்தம்: 9.

"நாளைக்குத் தௌசீஃப் வந்து இந்தத் திருத்தின ஸ்கிரிப்டை வச்சே ஒரு காலி டேட்டாபேஸ் கட்டட்டும்," என்றாள் ஆலிஸ். "பழைய பெட்டியில இருந்து டேட்டாவை மட்டும் எடுத்து அதுல இறக்கினா, பதினோராயிரம் பேரும் அவங்கவங்க நம்பர்லயே வந்து உட்காருவாங்க. இன்னிக்கு இந்த ரெண்டு பேர் போதும்."

மூன்று மணி ஐந்து நிமிடம். ஜம்புநாதன் தொலைபேசியை எடுத்தார்.

"நமஸ்காரம் மாமி, நீரஜா அப்பா பேசறேன். பொருத்தம் ஒன்பது வந்திருக்கு... முதல்ல பூஜ்ஜியம்னு வந்தது, ஆனா கோளாறு ஜாதகத்துல இல்லை. நான் செஞ்ச தப்பு. முதல் நம்பர் பொண்ணுன்னா பூஜ்ஜியம் போடுன்னு டேபிள் அமைப்புல ஒரு வரி இருந்தது. எங்க கொண்டு போய்க் கட்டினாலும் அந்த வரியும் சேர்ந்தே வந்துண்டிருந்தது. ஸ்கிரிப்ட்ல அந்த வரியை எடுத்துட்டு, டேபிளைப் புதுசாக் கட்டினோம். இப்ப சரியாக் கூட்டறது. நாலு மணிக்கு வாங்கோ."